நாற்பத்தொரு பேருக்கு விருப்பமில்லை

எனக்குக் காலையில் சீக்கிரம் எழுந்திருக்கிற பழக்கம் கிடையாது. ஏழரைக்கு முன்னால் எழுந்தால் அன்று முழுக்கத் தலைவலி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என் தங்கை பர்ஹத் கொடுத்திருக்கும் மனுவில், "தினமும் காலை ஐந்தரை மணிக்கு என் அண்ணன் சுஃபியான் இந்தக் காரியத்தைச் செய்து வந்தார்" என்று இருக்கிறது. அந்த நேரத்தில் நான் போர்வைக்குள் இருந்தேன். செய்தது நான்தான், அதை மறுக்கவில்லை. நேரம் மட்டும் என்னுடையது அல்ல.

ஜமாத் செயலாளர் அவர்களே, "நடந்தத நடந்தபடி எழுதிக் குடுங்க தம்பி, சுத்தி வளைக்காதீக" என்று ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தீர்கள். அது போதாது என்று நானே இன்னும் நாலு தாள் வாங்கிக்கொண்டேன். சுற்றி வளைக்க மாட்டேன். ஆனால் என் வேலை என்ன என்று புரியாவிட்டால் உங்களுக்கு மற்றது எதுவும் புரியாது. என்னைப் பெற்ற அத்தா முகம்மது இஸ்மாயிலுக்கே அது இன்னும் பிடிபடவில்லை. வத்தல் மண்டியில் யாராவது கேட்டால், "பய போனத் தட்டிப் பாக்குற வேல பாக்கான்" என்பார். ஒரு வகையில் அது சரிதான்.

விருதுநகரில் மகேஷ்குமார் என்பவர் 'வரன்பெட்டி' என்று ஓர் ஆப் நடத்துகிறார். எல்லாச் சமுதாயத்தாருக்கும் பெண்ணும் மாப்பிள்ளையும் பார்த்துக் கொடுக்கிற ஆப். அதில் கோளாறு இருக்கிறதா என்று சோதிப்பதற்கு எனக்குச் சம்பளம். கையால் சோதிக்க மாட்டேன். அதற்கு ஒரு நிரல் எழுதி வைத்திருக்கிறேன். அது தானாகவே போனில் ஆப்பைத் திறக்கும், பொத்தான்களை அமுக்கும், நடக்க வேண்டியது நடந்ததா என்று பார்க்கும். நடந்தால் பச்சை, நடக்காவிட்டால் சிவப்பு என்று எனக்கு அறிக்கை அனுப்பும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆப்பின் வெளிக்கூடுதான் உண்மையில் ஆப். வரன்கள் வருகிற பக்கம் ஒரு வெப் பேஜ். அதைக் கொண்டுவந்து உள்ளே பொருத்தியிருக்கிறார்கள், நம் வீட்டு மாடியில் குடித்தனம் வைத்த மாதிரி. கீழே நிற்கிற நிரலுக்கு மாடியில் இருப்பது எதுவும் தெரியாது. "உள்ளே போ" என்று தனியாகச் சொல்ல வேண்டும். காரியம் முடிந்ததும் "வெளியே வா" என்றும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது உள்ளேயே நின்றுகொண்டு வெளியில் இருக்கிற பொத்தானைத் தேடும், அறிக்கை முழுக்கச் சிவப்பாகிவிடும். இந்தப் போக்குவரத்தைச் சரிசெய்ய நாலு மாதம் மல்லுக்கட்டினேன். அதைப் பற்றி எனக்குப் பெருமைதான், இப்போதும்.

ஆப் எப்படி நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் முழுக்க வந்த வரன்களைச் சேர்த்து வைத்து, மறுநாள் காலை ஐந்தரைக்குப் பெண்ணின் கணக்கில் போடும். ஆறு மணிக்கு அவள் போனில் மணி அடிக்கும். நடுவில் இருக்கிற அரை மணி நேரம்தான் என் நிரல் ஓடும் நேரம். உள்ளே போ, முதலில் நிற்கிற வரனை எடு, 'விருப்பமில்லை' பொத்தானை அமுக்கு, வெளியே வா, வெளியில் காட்டுகிற எண்ணிக்கை குறைந்ததா என்று பார், இன்னும் வரன் மிச்சமிருந்தால் திரும்பச் செய். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

பர்ஹத் பெயரில் கணக்குத் தொடங்கச் சொன்னது அத்தா. நான் அதை ஆபீஸ் போனில் தொடங்கி, அவள் போனிலும் போட்டுவிட்டேன். அந்த ஆபீஸ் போனில்தான் காலைச் சோதனையும் ஓடும். சோதனைக்கென்று தனி சர்வர் உண்டு. அதில் இருப்பவர்கள் எல்லாரும் நான் உண்டாக்கின பொய் ஆட்கள். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்ற அவசரத்தில், போனை நிஜ சர்வரிலிருந்து சோதனை சர்வருக்கு மாற்றாமல் கிளம்பிவிட்டேன். மறுநாள் காலையில் நிரல் நிஜமான சர்வருக்குள் போய், பர்ஹத்துக்கு முதன்முதலாக வந்திருந்த மாப்பிள்ளைக்கு 'விருப்பமில்லை' சொல்லிவிட்டு வந்து எனக்குப் பச்சை காட்டியது.

அது தவறு. நானே ஒப்புக்கொள்கிறேன். மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்றுதான் அந்தப் பையனின் பக்கத்தைத் திறந்தேன். சாத்தூர்க்காரர். ஒரு காரில் சாய்ந்து நின்று போட்டோ எடுத்திருந்தார். காரின் கண்ணாடிக்குள் காருக்குச் சொந்தக்காரர் உட்கார்ந்து இவரை முறைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. போனது நல்லதுக்குத்தான் என்று விட்டுவிட்டேன்.

அதே வாரத்தில்தான் என் அம்மா கமருன்னிசா ஒரு பெண்ணின் போட்டோவை என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "பாத்து வச்சுக்கோ. பர்ஹத்துக்கு முடியட்டும், அடுத்த மாசமே ஒனக்கு."

"அவளுக்கு முடியலேன்னா?"

"ஏலே, வயசுப்பிள்ளைய வீட்ல வச்சுக்கிட்டு நீ மாலையப் போட்டுக்கிட்டு நின்னா ஊரு சிரிக்காதா? அவளுக்கு முடிஞ்சாத்தான் ஒனக்கு."

நம் வீடுகளின் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. தங்கையைக் கரையேற்றாமல் அண்ணன் கட்டிக்கொள்ளக் கூடாது. நான் அந்த வழக்கத்தை மதிக்கிறவன். எனக்குக் கல்யாணம் பிடிக்காது என்றும் இல்லை. இருந்த இருப்பு பிடித்திருந்தது, அவ்வளவுதான். மாடி அறை முழுக்க எனக்கு. ஏழரைக்குப் பர்ஹத் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எந்திரிண்ணே, சூரியன் தலைக்கு மேல வந்துருச்சு" என்பாள். என் சட்டைக்கு இஸ்திரி, அம்மாவின் முட்டிக்குத் தைலம், தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எல்லாம் அவள்தான். எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருப்பதில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம்.

சர்வரை நான் மாற்றவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். மறக்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு எல்லாரையும் தள்ளினேன் என்று நினைக்காதீர்கள். காரணங்கள் இருந்தன. இரண்டாமவர் அருப்புக்கோட்டை, பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'தூக்கம்' என்று போட்டிருந்தார். ஒரு குடும்பத்துக்கு அப்படி ஒருவர் போதும். அடுத்தவர் ஆறடி உயரம், எங்கள் வீட்டு நிலைப்படியில் வருகிற போதெல்லாம் தலை இடிக்கும். ஒருவர் துபாய், அது தூரம். ஒருவர் பக்கத்துத் தெரு, அது ரொம்பப் பக்கம். ஒருவர் சம்பளத்தைப் போட்டிருந்தார், பெருமைக்காரர். ஒருவர் போடவில்லை, எதையோ மறைக்கிறார்.

ஆப்புக்கு வெளியே யாரும் கேட்கவில்லையா என்று கேட்பீர்கள். கேட்டார்கள். ஆனைக்குட்டத்திலிருந்து சொந்தக்காரர் ஒருவர் தன் மகனுக்காக நேரிலேயே வந்தார். அத்தா என்ன சொன்னார் தெரியுமா? "ஆப்புல போட்ருங்க பாய். நம்ம சுஃபியான் எல்லாத்தையும் அலசிப் பாத்துருவான்." அவரும் நம்பி ஆப்பில் போட்டார். மறுநாள் காலை ஐந்தரைக்கு அவருக்கும் பதில் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று அத்தாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மறுத்த வரன்கள் 'பழையவை' என்ற பக்கத்தில் தெரிய வேண்டும். பர்ஹத்தின் போனில் அந்தப் பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது. ஆப்பில் இருந்த அந்தக் குறையைக் கண்டுபிடித்தவனே நான்தான். முறைப்படி பதிவும் செய்தேன். அவசரமில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று குறித்ததும் நான்தான். எங்கள் ஆபீஸில் அப்படிக் குறித்தால் கியாமத் நாள் வரைக்கும் யாரும் தொட மாட்டார்கள்.

ஆக, அவள் பார்த்ததெல்லாம் 'இன்று புதிய வரன் இல்லை' என்ற ஒரே வரி. முதல் வருடம் அதைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டாம் வருடம் ஸ்டூடியோவுக்குப் போய் போட்டோவை மாற்றினாள். பிறகு இன்னொரு முறை மாற்றினாள். "ஏண்ணே, என் மூஞ்சி போன்ல பாக்க அம்புட்டு மோசமாவா இருக்கு?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது உண்மை. நான் அவளிடம் பொய் சொன்னது ரொம்பக் குறைவு.

வெளியே வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. "விடியுறதுக்கு முந்தியே வேணாம்னு சொல்லிட்டா, அம்புட்டுத் திமிரு" என்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பேசியிருக்கிறார்கள். கல்யாண வீடுகளில் பர்ஹத் பக்கத்தில் வந்து உட்காருகிறவர்கள் குறைந்தார்கள். பிறகு அவளும் போவதைக் குறைத்துக்கொண்டாள். எனக்கு அது வருத்தம்தான். ஆனால் அவள் வீட்டில் இருக்கிற நாளில் அம்மாவுக்கும் எனக்கும் சௌகரியமாக இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

எனக்கு வந்த பெயரையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. போன வருடம் மீலாது விழாவில் நீங்களே என்னை முன்வரிசைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தீர்கள். மைக்கைப் பிடித்து, "தங்கச்சிக்காகத் தன் கல்யாணத்தையே தள்ளிப் போட்டுருக்கிற பிள்ள, இந்தக் காலத்துல எம்புட்டுப் பேரு இப்படி இருக்காக?" என்றீர்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் அடக்கம் என்று பாராட்டினீர்கள்.

ஒரு நாள் பர்ஹத் என்னிடம் வந்தாள். "அண்ணே, ஆப்புல ஏதும் கோளாறு இருக்கான்னு பாரேன். நீ அந்த வேலதான பாக்குறே?"

நியாயமான கேள்வி. சோதித்துத்தான் காட்ட வேண்டும். வேறு வரன் எதுவும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, ஒரே ஒரு நாள் நிரலை நிறுத்தினேன். ஒரு பொய் மாப்பிள்ளையை உண்டாக்கி அவளுக்கு அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன். காலை ஆறு மணிக்கு அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். கையெல்லாம் மாவு. "அண்ணே, எந்திரி, வந்துருக்குண்ணே. நீயே தொறந்து பாரு."

"அது நான் அனுப்புனது பர்ஹத்து. ஆப்பு வேல செய்யுதான்னு பாக்க" என்றேன்.

கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டாள். பிறகு சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். "அப்ப ஆப்பு நல்லாத்தான் இருக்கு. கோளாறு எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். எனக்கு அன்று முழுக்கத் தலைவலி.

இப்படி நாலு வருடம் தங்குதடையின்றி நடந்தது. சைஃபுல்லா வராமல் இருந்திருந்தால் இப்போதும் நடந்துகொண்டிருக்கும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் அவர் தன் பெரியத்தாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். சிவகாசிக்காரர். தாயில்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. ஒல்லியான ஆள், சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு.

"தப்பா நெனைக்காதீக மாமா" என்று அத்தாவிடம் ஆரம்பித்தார். "பொண்ணு கேட்டு வரல. ஒரு சந்தேகம். கேட்டுட்டுப் போயிருவேன்."

"ஒக்காருங்க தம்பி, டீ குடிச்சிட்டுப் பேசலாம்" என்றார் அத்தா.

"கம்பெனியில திரியப் பத்தவச்சு, எம்புட்டு நேரம் எரியுதுன்னு வாச்சுல பாக்குறது என் வேல. ஒரே கட்டுல வெட்டுன பத்துத் திரியக் குடுங்க, பத்தும் பத்து விதமாத்தான் எரியும். ரெண்டு திரி அச்சு அசலா ஒரே நேரம் காட்டுனா, நான் வாச்சத்தான் மொதல்ல சந்தேகப்படுவேன்." நோட்டைப் பிரித்தார். "ஒங்க பொண்ணுக்கு நான் மூணு வருசத்துல ஆறு தடவ ஆப்புல கேட்டுட்டேன். ஆறு தடவையும் வேணாம்னு வந்துருச்சு. மறுப்பு வந்த நேரத்த ஆப்பு செகண்டு வரைக்கும் காட்டும். ஆறு தடவையும் அஞ்சு முப்பது, நாப்பதாவது செகண்டு. மொதல்ல, ஆத்தி, எம்புட்டு ஒழுங்கான பொண்ணுன்னு நெனச்சேன். அதுனாலதான் விடாமக் கேட்டேன். ஆறாவது தடவ பயம் வந்துருச்சு மாமா. இது விரலு இல்ல."

அத்தா என்னைப் பார்த்தார். "என்னலே சொல்றாரு இவரு?"

நான் வாயைத் திறக்கும் முன் சைஃபுல்லா அடுத்ததைக் கேட்டார். "இந்த ஆப்ப மிசின் வச்சு ஓட்டிப் பாக்குற ஆளு யாருன்னு தெரிஞ்சாப் போதும்."

உள்ளேயிருந்து அம்மா பெருமையாகக் குரல் கொடுத்தாள். "எங்க சுஃபியான்தான் தம்பி. அந்த ஆப்புக்கே எல்லாம் அவன்தான்."

உள்ளே இருக்கிற பக்கம் சில நாள் மெதுவாகத் திறக்கும். அதற்காக, நாற்பதாவது விநாடி வரைக்கும் பொறு, பிறகு அமுக்கு என்று எழுதியிருந்தேன். காத்திருக்கும் நேரத்தை நாளுக்கு நாள் முன்பின்னாக மாற்றிப் போட வேண்டும் என்பது நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்குக்கூடத் தெரியும். இந்த விஷயத்தில் நான் செய்த தவறு என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். சைஃபுல்லாவின் மேல் எனக்குக் கோபம் வந்தது. கூடவே ஒரு மரியாதையும் வந்தது. அவரும் சோதிக்கிற தொழில்காரர் அல்லவா?

பர்ஹத் டீத்தட்டோடு வெளியே வந்தாள். விருந்தாளிகளுக்கு முன்னால் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "எத்தன பேருண்ணே?" என்று கேட்டாள்.

"நாப்பத்தொண்ணு. இவரு திரும்பத் திரும்பக் கேட்டதையும் சேத்தா நாப்பத்தாறு" என்றேன். எண்ணிக்கையில் நான் எப்போதும் சுத்தம்.

அவள் அழவில்லை. "டீ ஆறுது, குடிங்க" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அம்மாதான் அழுதாள். அத்தா அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் பர்ஹத் தானே நடந்து வந்து உங்களிடம் மனுக் கொடுத்தாள். நான் எழுந்தபோது டீ இல்லை.

சைஃபுல்லா ஏழாவது தடவையாகக் கேட்டு ஆள் விட்டிருக்கிறார், அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. "ஆறு தடவ எனக்குப் பதிலா மிசின் சொல்லிருச்சு. இந்தத் தடவ நான் சொல்லணும். எல்லாரையும் படிச்சுட்டுத்தான் சொல்வேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். பொறுத்திருக்கிறேன் என்று அவரும் சொல்லிவிட்டார்.

நேற்று அசர் தொழுகைக்குப் பிறகு அந்த ஆபீஸ் போனை என் முன்னால் வைத்து எதிரே உட்கார்ந்தாள். நாற்பத்தொரு பேரையும் முதலிலிருந்து ஒவ்வொருவராகத் திறக்கச் சொன்னாள். சத்தமாகப் படித்தாள். ஒவ்வொருவரும் முடிந்ததும், "இவர ஏன் வேணாம்ன?" என்று கேட்டாள். நான் காரணம் சொன்னேன். கார், தூக்கம், உயரம். ஒன்பதாவது ஆளுக்கு நான் ஏதோ சொன்னபோது என் முகத்தையே பார்த்தாள்.

"அண்ணே, இவர நீ படிச்சியா?"

இல்லை என்றேன். உங்களுக்கும் அதைச் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு பேரைத்தான் படித்தேன். மேலே எழுதியிருக்கிற மற்ற காரணங்களெல்லாம், நீங்கள் தாளைக் கொடுத்த பிறகு உட்கார்ந்து தேடி எடுத்தவை. நிரலுக்குப் பெயர், ஊர் எதுவும் தெரியாது. முதலில் யார் நிற்கிறாரோ அவர். நாலு வருடமும் நான் பார்த்தது பச்சையா சிவப்பா என்பதை மட்டும்தான்.

அதற்குப் பிறகு அவள் காரணம் கேட்பதை விட்டுவிட்டாள். படித்துக்கொண்டே போனாள்.

பதினேழாவது ஆள் ராஜபாளையம், பள்ளிக்கூட வாத்தியார். பெண்ணுக்கு ஒரு குறிப்பு எழுதியிருந்தார். "மேலே படிக்க ஆசை என்று உங்கள் பக்கத்தில் பார்த்தேன். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு நடந்தே போகலாம். என் அம்மா அடுப்பங்கரையை யாருக்கும் விட்டுத்தர மாட்டார், அதனால் உங்களுக்குப் படிக்க நேரம் நிறையக் கிடைக்கும்." பர்ஹத் அதைச் சத்தமாக ஒரு முறை படித்தாள். பிறகு மனதுக்குள் இன்னொரு முறை படித்தாள். அந்தப் படிப்பு வரியை அவள் தன் பக்கத்திலிருந்து எடுத்து மூன்று வருடம் ஆகிறது. அதனால்தான் யாரும் கேட்டு வரவில்லை என்று அவளாக நினைத்து எடுத்துவிட்டாள்.

"இவருக்கு நான் சரின்னு சொல்லியிருப்பேண்ணே" என்றாள். துப்பட்டா நுனியால் போனைத் துடைத்தாள்.

என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவள். ஏதாவது செய்ய முடியுமா என்று போனை வாங்கி அந்த வாத்தியாரின் கணக்கைத் தேடினேன். இரண்டு வருடத்துக்கு முன்பே, 'திருமணம் முடிந்தது' என்று காரணம் போட்டுக் கணக்கை மூடியிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. அவள் தலையில் கை வைத்து, அண்ணனாக லட்சணமாக ஆறுதல் சொன்னேன்.

"நல்லவேள பர்ஹத்து. அந்தாளு கல்யாணம் ஆனவன். நீ தப்பிச்சே."